கோணமலைப் பாதையில் கேட்ட கேள்விகள்: திருகோணமலையில் பெயர் விட்டுப்போன தலைவர்கள் பற்றி

நான் வரலாறு படிப்பித்த ரீச்சர். இப்போது ஓய்வு. வீடு கோட்டைக்குப் போகிற வழியில் இருப்பதால், வெள்ளிக்கிழமைகளில் கோணேசர் கோவிலுக்கு நடக்கும்போது யாராவது கூடவே வந்துவிடுவார்கள். பழைய மாணவர்களின் பிள்ளைகள், கனடாவில் இருந்து விடுமுறைக்கு வந்த சொந்தக்காரர், மூதூர்ப் பக்கத்து ரியூசன் பிள்ளைகள் என்று ஒரு கூட்டம். கோட்டை வாசலில் தொடங்கும் கேள்விகள் மலை உச்சிக்குப் போய்ச் சேரும்வரை ஓயாது. திரும்பத் திரும்ப அதே சந்தேகங்கள்தான். சரி, எழுதியே வைத்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

ரீச்சர், பிரெட்றிக் கோட்டை எண்டா அந்த பிரெட்றிக் ஆர்? இஞ்ச ராசாவா இருந்தவரா?

இல்லை. அவர் இங்கிலாந்து அரசன் மூன்றாம் ஜோர்ஜின் இரண்டாவது மகன். யோர்க் கோமகன் என்பது பட்டம், பிரித்தானியத் தரைப்படையின் தலைமைத் தளபதி என்பது பதவி. 1803இல் கோட்டைக்கு அவர் பெயரை வைத்தார்கள். மனிதர் இந்த மண்ணில் கால் வைத்ததே இல்லை.

கோட்டையைக் கட்டியவர்கள் போர்த்துக்கேயர், 1624இல். பிறகு ஒல்லாந்தர் திருத்திக் கட்டினார்கள். 1795இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். கட்டியவன் பெயர் வாசலில் இல்லை, வராதவன் பெயர் இருக்கிறது. அதிகாரிகள் மேலிடத்தைக் குளிர்விக்கப் பெயர் வைப்பது அன்றும் நடந்ததுதான்.

வாசல் கல்லில ரெண்டு மீன் கீறியிருக்கே, அது ஆற்ற அடையாளம்?

இணைக்கயல், பாண்டியர் சின்னம். வாசலுக்குள் நுழையும்போது கொஞ்சம் நின்று தேடினால்தான் கண்ணில் படும். வாகனத்தில் போகிறவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பார்ப்பதில்லை.

13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சடையவர்மன் வீரபாண்டியன் ஈழத்தின்மீது படையெடுத்து, கோணமலையில் கயல் சின்னத்தைப் பொறித்ததாகப் புதுக்கோட்டைப் பக்கத்துக் குடுமியான்மலைக் கல்வெட்டு சொல்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம் எழுதியதும் இந்தப் பக்கம் நிற்கும் கல்லும் பொருந்துவதால்தான் இந்த மீன்களைப் பாண்டியர் கணக்கில் எழுதுகிறோம். கல் முதலில் கோவிலில் இருந்தது. கோவிலை இடித்துக் கோட்டை கட்டியபோது மற்றக் கற்களோடு இதுவும் சுவருக்குள் போய்விட்டது.

அந்தக் கல்லில வெள்ளைக்காரன் வருவான் எண்டு முந்தியே எழுதியிருக்காமே, உண்மையா?

"முன்னே குளக்கோட்டன் மூட்டும் திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே" என்று தொடங்கும் பாட்டைத்தான் கேட்கிறீர்கள். பறங்கிக்குப் பிறகு பூனைக்கண்ணன், செங்கண்ணன், புகைக்கண்ணன் என்று வரிசையாக ஆளுவார்கள் என்று அது போகும். எங்கள் அம்மம்மா இதைச் சொல்லும்போது போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று விரல் மடித்து எண்ணுவார்.

கல்லில் இப்போது எஞ்சியிருப்பது துண்டு துண்டான எழுத்துகள். முழுப் பாட்டு வாய்வழியாகவும் ஏட்டு வழியாகவும் வந்தது. எழுத்தின் வடிவத்தைப் பார்த்தவர்கள் அது 16ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்கிறார்கள். பறங்கியின், அதாவது போர்த்துக்கேயரின், கப்பல்கள் 1505இலேயே இலங்கைக்கு வந்துவிட்டன. அப்படியென்றால் "பறங்கி வந்து கெடுப்பான்" என்று எழுத தீர்க்கதரிசனம் தேவையில்லை, கண் இருந்தால் போதும். இதைச் சொன்னால் சிலருக்கு முகம் வாடிவிடும். ஆனால் இடிபடப் போகிறது என்று பயந்த ஒரு மனிதன் அதைக் கல்லில் எழுதி வைத்தான் என்று நினைத்தால் எனக்கு அதுவே மயிர்க்கூச்செறிகிறது.

குளக்கோட்டன் உண்மையான ஆளா, கதையா?

ரெண்டும். கோணேசர் கல்வெட்டு என்ற நூலின்படி அவன் சோழ இளவரசன், வரராமதேவனின் மகன். கோணமலைக்கு வந்து கோவில் திருப்பணி செய்தான், வயல் விட்டான், கோவில் வேலைக்கு ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றினான், கந்தளாய்க் குளத்தைக் கட்டினான். குளம், கோட்டம் (கோவில்) இரண்டும் சேர்ந்து குளக்கோட்டன் ஆயிற்று. ஆகவே இது பெற்றோர் வைத்த பெயர் இல்லை, செய்த வேலைக்கு ஊர் கொடுத்த பெயர்.

ஆள் யார் என்றால் ஆராய்ச்சியாளர் பலர் கையைக் காட்டுவது சோடகங்கன் என்பவனை. திருகோணமலைக் கோட்டையில் கிடைத்த ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டு, சோடகங்கதேவன் சக ஆண்டு 1145இல், அதாவது கி.பி. 1223இல், இலங்கைக்கு வந்ததைச் சொல்கிறது. பொலன்னறுவை கலிங்க மாகன் கையில் இருந்த காலம் அது. வேறு காலத்தைச் சொல்பவர்களும் உண்டு.

என்னைக் கேட்டால், குளக்கோட்டன் இருந்ததற்குச் சாட்சி கல்லைவிடத் தம்பலகாமத்தில் அதிகம். அங்குள்ள ஆதிகோணேசர் கோவிலில் தானத்தார், வரிப்பத்தார் என்று பரம்பரைத் தொழும்புக் குடும்பங்கள் இன்றும் உண்டு. யார் எந்த வேலை, யாருக்கு எந்த மரியாதை என்று ஒழுங்கு இருக்கிறது. "இது குளக்கோட்டு மகாராசா வைத்த முறை" என்பார்கள். அதை மாற்றச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

அப்ப கந்தளாய்க் குளத்தைக் கட்டினது குளக்கோட்டனா, அக்கபோதியா? புத்தகத்தில வேற மாதிரி இருக்கே.

சிங்கள வரலாற்று மரபு இதை 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இரண்டாம் அக்கபோதியின் பெயரில் எழுதுகிறது. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு திருத்தினான் என்றும் சொல்கிறது. தமிழ் மரபு குளக்கோட்டன் என்கிறது. வகுப்பில் இதற்குச் சண்டையே நடந்திருக்கிறது.

ஒரு பெரிய குளம் ஒருவன் கட்டி முடிக்கிற பொருள் இல்லை. அணை அரிக்கும், துருசு (மதகு) பழுதாகும், வாய்க்கால் தூர்ந்துபோகும். ஒவ்வொரு நூற்றாண்டிலும் யாராவது கை வைத்தால்தான் நிற்கும். கை வைத்த ஒவ்வொருவனும் "கட்டினேன்" என்பான். 13ஆம் நூற்றாண்டுச் சோடகங்கன்தான் குளக்கோட்டன் என்றால், அவன் திருத்தியது ஏற்கெனவே இருந்த குளத்தைத்தான். அதில் அவனுக்கு ஒரு குறைவும் இல்லை. 1986 ஏப்ரல் 20இல் அணை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்த அன்று, பராமரிப்பது கட்டுவதைவிடச் சின்ன வேலை இல்லை என்று இந்த மாவட்டம் முழுக்கத் தெரிந்துகொண்டது.

சோதனையில் கேட்டால் பாடப்புத்தகத்தில் உள்ளதை எழுதுங்கள். கோவிலில் கேட்டால் குளக்கோட்டன் என்று சொல்லுங்கள். பொய் சொன்னதாகாது.

இராவணனை இந்தப் பட்டியலில சேர்க்கலாமா ரீச்சர்?

மலையில் இருக்கும் பிளவை இராவணன் வெட்டு என்கிறோம், கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளைத் தாய்க்கு அந்தியேட்டி செய்ய அவன் உண்டாக்கியது என்கிறோம். கும்பிடலாம், கதை சொல்லலாம். ஆண்டு எழுத முடியாதவரை வரலாற்றுப் பட்டியலில் நான் சேர்ப்பதில்லை.

மகாசேனன் கோணேசர் கோவிலை இடிச்சவராம். பிறகு ஏன் அவரைப் பெரிய ராசா எண்டு படிப்பிக்கிறீங்கள்?

பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்று கேட்ட கேள்வி இது. மகாசேனன் 3ஆம், 4ஆம் நூற்றாண்டு மன்னன். மின்னேரியா உட்படப் பதினாறு குளம் கட்டியவன் என்று மகாவம்சம் புகழ்கிறது. அதே மகாவம்சம், கோகர்ணத்தில் தேவாலயத்தை அழித்து விகாரை கட்டினான் என்றும் எழுதுகிறது. கோகர்ணம் என்பது எங்கள் ஊர்தான். அவன் பௌத்தத்துக்குள்ளேயும் சண்டை போட்டவன், அனுராதபுரத்து மகாவிகாரையையே இடித்தவன். ஆகவே இடிப்பதில் அவன் ஆள் பார்க்கவில்லை.

மின்னேரியாத் தண்ணீரில் இன்றைக்கும் நெல் விளைகிறது. அதையும் எழுத வேண்டும், இதையும் எழுத வேண்டும். அந்தப் பிள்ளைக்கு நான் சொன்னது ஒன்றுதான்: பெரிய ராசா என்றால் நல்ல ராசா என்று யார் சொன்னது?

ராஜராஜ சோழன் திருகோணமலைக்கு என்ன செய்தவர்?

படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் கேட்பது. அவர் காலத்தில், 993 அளவில், சோழர் படை அனுராதபுரத்தை வீழ்த்தியது. மகன் இராசேந்திரன் காலத்தில், 1017இல், மன்னன் ஐந்தாம் மகிந்தன் பிடிபட்டான். 1070இல் முதலாம் விஜயபாகு சோழரைத் துரத்தும்வரை இந்தப் பக்கம் அவர்கள் கையில்தான் இருந்தது.

இங்கே அவர் விட்டுப்போனது பெயர்கள். கந்தளாயில் இருந்த பிராமணக் குடியிருப்புக்கு இராசராசச் சதுர்வேதிமங்கலம் என்று பெயர். ஆனால் நான் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போவது பெரியகுளத்துக்கு. அங்கே காட்டோரமாக இருக்கும் பழைய விகாரைக்கு இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர் இருந்தது. அது பௌத்தப் பள்ளி. தமிழில் கல்வெட்டுகள் இருக்கின்றன. விளக்கு எரிக்கப் பசு கொடுத்தவர்கள், பொருள் கொடுத்தவர்கள் பெயரெல்லாம் தமிழ்ப் பெயர். சைவ மன்னன் பெயரில் ஒரு விகாரை, அதில் தமிழ்ப் பௌத்தர்கள். ஊர் அதை நாதனார் கோவில் என்று சொல்லி வந்தது. இன்றைக்கு ஒவ்வொரு இடத்துக்கும் ஒரே சொந்தக்காரர்தான் இருக்க முடியும் என்று வாதாடுகிறவர்கள் அந்தக் கல்லுக்கு முன்னால் ஒரு பத்து நிமிடம் நிற்கலாம்.

கோவிலை இடிச்ச போர்த்துக்கேயனுக்கு என்ன நடந்தது? தெய்வம் கேட்கேல்லையா?

அவன் பெயர் கொன்ஸ்தன்தீனு த சா. இலங்கையில் போர்த்துக்கேயரின் தளபதி. கோவில் மரபின்படி 1622 சித்திரைப் புத்தாண்டு அன்று, சுவாமி ஊர்வலமாகக் கீழே வந்திருந்த நேரம், பூசகர் வேடத்தில் ஆட்கள் உள்ளே புகுந்து கொள்ளையடித்தார்கள். 1624இல் கோவில் கற்களைக் கொண்டு கோட்டை எழும்பியது. இரண்டு ஆண்டும் புத்தகங்களில் மாறி மாறி வருவதால் பிள்ளைகள் குழம்புவார்கள். கோட்டைக்கு 1624 என்பதைப் பிடித்துக்கொண்டால் போதும்.

1630இல் அவன் கண்டி அரசுக்கு எதிராக ஊவாவுக்குப் படை கொண்டுபோய் பதுளையைக் கொளுத்தினான். திரும்பும் வழியில் ரந்தெனிவெலவில் அவனோடு வந்த சிங்கள முதலியார்களும் லஸ்கோரின் எனப்பட்ட உள்ளூர் வீரர்களும் அரசன் பக்கம் சேர்ந்துவிட்டார்கள். அங்கேயே செத்தான். தெய்வம் கேட்டதா, சம்பளம் வாங்கிய படை கேட்டதா என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

இன்னொன்று: பூசகர்கள் ஒளித்துவைத்த சுவாமி சிலைகள் சில, 1950இல் கோவிலுக்குக் கொஞ்சத் தூரத்தில் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள் இருந்து வந்தன. முந்நூறு வருடத்துக்கு மேல் கீழே இருந்திருக்கின்றன. இப்போதுள்ள கோவில் 1963இல் கும்பாபிஷேகம் கண்டது. இடித்தவனின் எலும்பு எங்கே என்று யாரும் தேடவில்லை.

எங்கட மூதூரில வெள்ளைக்காரனைப் பிடிச்சது எந்த ராசா?

கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கன். புயலில் பாய்மரம் இழந்து கொட்டியாறுக் குடாவுக்குள் வந்த ஆங்கிலக் கப்பலில் இருந்தவர்களை 1660இல் அவனுடைய ஆட்கள் பிடித்தார்கள். அதில் ஒருவர் ரொபேட் நொக்ஸ், வயது பத்தொன்பதுக்குக் கிட்ட. பத்தொன்பது வருடத்துக்கு மேல் மலைநாட்டில் வைத்திருந்தான். நொக்ஸ் 1679இல் மன்னார்ப் பக்கம் அரிப்புக்குத் தப்பி, ஊருக்குப் போய் எழுதிய புத்தகத்தால்தான் அந்த அரசன் சாப்பிட்டது, உடுத்தது, சந்தேகப்பட்டது எல்லாம் எங்களுக்குத் தெரியும்.

மேலே சொன்ன போர்த்துக்கேயரை விரட்ட இவன்தான் 1638இல் ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்தான். அடுத்த வருடம் திருகோணமலை விழுந்தது. போர்த்துக்கேயர் போனார்கள், ஒல்லாந்தர் போகவில்லை. "இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கினது" என்று சிங்களவர்கள் இதைச் சொல்வார்கள். சரியான உறைப்பு.

பிரெஞ்சுக்காரரும் திருகோணமலையை ஆண்டவையாமே?

ஆண்டார்கள் என்பதைவிட வந்து போனார்கள் எனலாம். 1782 ஜனவரியில் ஆங்கில அட்மிரல் ஹியூஸ் ஒல்லாந்தரிடம் இருந்து பிடித்தார். ஓகஸ்ட் கடைசியில் பிரெஞ்சு அட்மிரல் சுஃப்ரன் அதைப் பறித்தார். செப்டெம்பர் 2 அன்று ஹியூஸ் கப்பல்களோடு திரும்பி வந்து பார்த்தால் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி. மறுநாள் கடலில் பெரிய சண்டை, வெற்றி தோல்வி இல்லை. போர் முடிந்த பிறகு ஊர் மறுபடி ஒல்லாந்தருக்கே போனது.

ஏன் இந்த அடிபிடி? வாடைக் காற்று. ஐப்பசி, கார்த்திகையில் வாடை வீசும்போது சோழமண்டலக் கரை முழுவதும் கப்பல் ஒதுங்க இடமில்லை. அந்த வரிசையில் கப்பற்படை முழுவதையும் நிறுத்தி வைக்கக்கூடிய துறைமுகம் எங்களுடையது. அந்த யூலையில்தான் சுஃப்ரன் கடலூருக்கு அருகே மைசூர் ஹைதர் அலியைச் சந்தித்திருந்தார். இருவருக்கும் ஆங்கிலேயர் எதிரி. தரையில் அவர், கடலில் இவர் என்ற கணக்குக்கு ஒரு துறைமுகம் தேவைப்பட்டது. டிசம்பரில் ஹைதர் இறந்தார், கணக்கும் மெல்லக் கலைந்தது.

கோட்டைக்குள்ள இருக்கிற வெலிங்ரன் வீட்டில நோய் வந்து படுத்ததால அவர் தப்பினவராம், சரியா?

பாதி சரி. பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்ரன், அப்போது ஆர்தர் வெல்லெஸ்லி என்ற முப்பத்தொரு வயதுக் கேணல். 1800 கடைசியில் ஒரு படையெடுப்புக்கு ஆயத்தம் செய்ய இங்கே வந்தார். பிறகு படையை எகிப்துக்கு அனுப்ப முடிவாகி, தலைமை வேறொருவருக்குப் போனதில் அவருக்குச் சரியான கோபம். படையோடு பம்பாய்க்குப் போனார். நோய் வந்தது அங்கேதான், இங்கே இல்லை. அதனால் அவர் ஏறவிருந்த கப்பல் அவர் இல்லாமல் போய்ச் செங்கடலில் ஆட்களோடு தாழ்ந்தது.

வழிகாட்டிகள் நோயைத் திருகோணமலைக்கு மாற்றிவிட்டார்கள். எங்கள் ஊர் தண்ணீருக்குக் கெட்ட பெயர், அவ்வளவுதான். வீட்டைப் பார்க்கப் போனால் கையில் வாழைப்பழம் வைத்திருக்காதீர்கள், கோட்டை மான்கள் பையோடு இழுக்கும்.

தந்தை செல்வா யாழ்ப்பாணத்து ஆள்தானே, திருகோணமலைக்கு அவரோட என்ன தொடர்பு?

செல்வநாயகம் என்பதுதான் அவர் பெயர். பிறந்தது மலாயாவின் ஈப்போவில், 1898இல். எங்களோடு உள்ள தொடர்பு 1956 ஓகஸ்ட். சிங்களம் மட்டும் சட்டம் ஜூனில் வந்தது. இரண்டு மாதத்தில் தமிழரசுக் கட்சி மாநாட்டைத் திருகோணமலையில் கூட்டினார். பல ஊர்களில் இருந்தும் கால்நடையாக வந்தார்கள். சமஷ்டி, தமிழுக்குச் சம அந்தஸ்து, மலையகத் தமிழருக்குக் குடியுரிமை, தமிழ்ப் பகுதிகளில் அரசு நடத்தும் குடியேற்றத்தை நிறுத்துவது என்று நான்கு கோரிக்கைகள் வைத்து ஒரு வருட அவகாசம் கொடுத்தார்கள். அவகாசம் முடிய முன்னரே, 1957 யூலை 26இல் பண்டாரநாயக்க – செல்வநாயகம் ஒப்பந்தம் வந்தது. 1958 ஏப்ரலில் பண்டாரநாயக்கவே அதைக் கைவிட்டார்.

அதே பண்டாரநாயக்கதான் 1957 ஒக்ரோபரில் இந்தத் துறைமுகக் கடற்படைத் தளத்தை ஆங்கிலேயரிடம் இருந்து திருப்பி வாங்கியவர். அந்நியனை அனுப்பத் துணிந்தவருக்கு, சொந்த நாட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்ததைக் காப்பாற்றத் துணிவு வரவில்லை. இது என் கருத்து, விடைத்தாளில் எழுதவேண்டாம்.

சம்பந்தன் ஐயா எங்கட ஊர் ஆள். கடைசியில என்னத்தைச் சாதிச்சவர்?

கேட்கிறவர்களின் குரலிலேயே விடை இருக்கும், ஒன்றில் கோபம், இல்லாவிட்டால் வருத்தம். 1933இல் பிறந்த சட்டத்தரணி. 1977இல் திருகோணமலையில் இருந்து பாராளுமன்றம் போனார். பிரிவினைக்கு எதிரான ஆறாம் திருத்தத்தின் சத்தியத்தை ஏற்காததால் 1983இல் அவரும் கட்சியினரும் ஆசனங்களை இழந்தார்கள். 2015 முதல் 2018 வரை எதிர்க்கட்சித் தலைவர். அமிர்தலிங்கத்துக்குப் பிறகு அந்தக் கதிரையில் இருந்த தமிழர் அவர்தான். 2024 ஜூன் 30இல் இறக்கும்போதும் அவர் திருகோணமலை உறுப்பினர்.

புதிய அரசியலமைப்பு வரும் என்று நம்பினார், வரவில்லை. நம்பியது பிழையா என்று கேட்டால், வேறு எந்த வழியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். ஆனால் அடுத்த ஆளை வளர்க்கவில்லை என்ற குறையை நானும் சொல்வேன். குளத்தைப் பற்றி மேலே சொன்னது இங்கேயும் பொருந்தும்.

எல்லாம் ஆம்பிளையள்தான். ஒரு பொம்பிளை பேரும் இல்லையா ரீச்சர்?

கதையில் ஆடகசவுந்தரி இருக்கிறாள், குளக்கோட்டன் மணந்த அரசி. கல்லில் வேண்டுமென்றால் நங்கைசானி. பளமோட்டையில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, முதலாம் விஜயபாகுவின் 42ஆம் ஆட்சியாண்டு. அவள் அரசி இல்லை, ஒரு பிராமணப் பெண். இறந்த கணவனுக்காகக் கந்தளாய்ச் சிவன் கோவிலுக்குப் பொன் கொடுத்து, அந்தத் தர்மத்துக்கு வேளைக்காரப் படையைக் காவல் வைத்தாள். சோழரை விரட்டிய சிங்கள மன்னனின் ஆட்சி, தமிழில் எழுத்து, சிவன் கோவில், கூலிக்கு வந்த தமிழ்ப் படை காவல்.

இதைக் கேட்டது கடைசி வகுப்புப் பிள்ளை ஒன்று. பெயரை இரண்டு தடவை சொல்லச் சொல்லி, உள்ளங்கையில் பேனையால் எழுதிக்கொண்டு போனாள்.